பானட்டுக்கு ஐந்து நாள் வைத்தியம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை மனித வாழ்வைப் பற்றிய ஆழ்ந்த சிந்தனையில் பிறந்ததல்ல. கார் சாமான் விற்கும் ஒரு கடையில், ஷாம்பு தட்டுக்கு முன்னால் நாற்பது நிமிடம் நின்று, எதை வாங்குவதென்று புரியாமல், கடைசியில் ஒரு மஞ்சள் துணியை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்த அவமானத்தில் பிறந்தது. வீட்டுக்கு வந்ததும், அந்தத் துணி காருக்கு ஆகாது, தரை துடைக்கத்தான் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். [யார் சொன்னார்கள் என்பது கதைக்குத் தேவையில்லை. வீடு என்றால் சொல்வதற்கு ஆள் இருக்கும்.]

பட்ட அவமானத்தை வீணாக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் சிக்கனம். உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"பளபளப்பு என்பது பொருளின் குணமல்ல, அது பார்ப்பவரின் ஆசை, தன்னைத்தானே உலோகத்தின் மேல்..."

தன்னைத்தானே உலோகத்தின் மேல் என்ன செய்கிறது? மூன்று நாள் யோசித்தேன். பூசிக்கொள்கிறதா, படர்கிறதா, சாய்ந்து படுக்கிறதா? எதை எழுதிப் பார்த்தாலும், எழுதியவன் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொள்வது அப்பட்டமாகத் தெரிந்தது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: "அன்று காலை வானம் புதிதாகக் கழுவிய பானட் போல..." வானம் இருக்கட்டும், கார் எஞ்சினை மூடும் அந்தப் பானட்டையே இன்னும் யாரும் கழுவவில்லை. இதையும் அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம்தான் கீழே வருகிறது. அதில் ஒரு ஆள் இருக்கிறார், அவருக்கு ஒரு வேலை தேவைப்படுகிறது, ஒரு வாரம் கெடு இருக்கிறது. தத்துவம் வேண்டுமென்றால் வரும்போது நீங்களே கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.

2

அவரை மருந்துக்காரர் என்றே அழைப்போம். தெருவில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், மருந்துக்கடை மூடி எட்டு மாதம் ஆன பிறகும். இருபத்திரண்டு வருடம் அந்தக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர். எதிரே பெரிய கடை வந்தது. முதலாளி ஷட்டரை இறக்கினார். மருந்துக்காரர் கையில் ஒரு தொகையைக் கொடுத்துத் தோளைத் தட்டினார். அந்தத் தொகையோடு சேமிப்பையும் போட்டு மருந்துக்காரர் ஒரு நீலக் கார் வாங்கினார். பதினோரு வயது வண்டி. எஞ்சினில் குறை கிடையாது. டயர் புதுசு. முகம்தான் சோர்ந்து போயிருந்தது.

[முதல் வரைவில் இவர் ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர். காரின் மேல் தண்ணீரை ஊற்றும்போதெல்லாம் மேற்கோள் காட்டினார். இரண்டு பக்கத்துக்குள் எனக்கே அவர் மேல் வாளியைக் கவிழ்க்கலாம் போலிருந்தது. எதையும் பின்பக்கம் திருப்பி லேபிளைப் படிக்கிற ஒரு ஆள்தான் எனக்குத் தேவை என்று அப்புறம்தான் புரிந்தது. மருந்துக்கடையில் போய்த் தேடினேன்.]

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதி. விருந்தினர்களை ரயிலிலிருந்து கூட்டி வந்து, திரும்பக் கொண்டுபோய் விட ஒரு வண்டி வேண்டும். ஒரு திங்கட்கிழமை மருந்துக்காரர் போய் நின்றார். விடுதியின் மேலாளர் ஒரு அம்மா. கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வண்டி நல்லா ஓடும்னு சத்தத்துலயே தெரியுது. ஆனா எங்க விருந்தாளி மொதல்ல பார்க்கிறது எங்க கட்டடத்தை இல்லங்க, உங்க வண்டியை. இது இப்போ தூங்கி எழுந்து மூஞ்சி கழுவாத மாதிரி இருக்கு."

"கழுவிடறேன் மேடம்."

"அடுத்த திங்கள் காலையில பத்து மணிக்குக் கொண்டு வாங்க. பார்க்க நல்லா இருந்தா ஒரு வருஷத்துக்கு எழுதிக்கலாம். இல்லன்னா வேற வண்டி பார்த்துக்குவேன், வருத்தப்படக் கூடாது."

அந்த வேலை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை விளக்க ஒரு நீண்ட பத்தி எழுதி வைத்திருந்தேன். ஜன்னல், மழை, பெருமூச்சு மூன்றும் அதில் வந்தன. நீக்கிவிட்டேன். இந்த ஒரு தகவல் போதும்: மருந்துக்காரரின் மனைவி ஒரு நூலகத்தில் புத்தகங்களை அடுக்குகிறவர். கடை மூடிய நாளிலிருந்து, அவர் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது இவர் வாசலில் நின்று சாப்பாட்டுப் பையை எடுத்துக் கொடுக்கிறார். எட்டு மாதமாக. மனைவி அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் இவருக்குத் தாங்கவில்லை.

3

செவ்வாய்க்கிழமை காலை, மனைவியின் தம்பி ஒரு பட்டியலோடு வந்து சேர்ந்தான்.

இவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கார் பராமரிப்பைப் பற்றி இணையத்தில் காணொளி போடுகிறவன். பார்வையாளர்கள் நாற்பத்தொரு பேர். அதில் பதினொரு பேர் சொந்தக்காரர்கள். காணொளி இல்லாத நேரத்திலும் காணொளியில் பேசுவது போலத்தான் பேசுவான்.

"மாமா, மொதல்ல ஒரு விஷயம். கார் கழுவுறதுன்னு இனிமே சொல்லாதீங்க. டீடெயிலிங்."

"சரி மாப்ள. அதுக்குத் தண்ணி வேணுமா வேணாமா?"

"தண்ணி வேணும் மாமா..."

"அப்போ கழுவுறதுதான். பட்டியலைக் கொடு."

பட்டியலில் பதினேழு பொருள்கள். நுரை பீச்சும் துப்பாக்கி, சக்கரத்துக்கு ஒரு திரவம், சக்கரத்தின் நட்டுக்கு வேறொரு திரவம், களிமண் கட்டி, இருக்கைக்கு வாசனை, 'உள்ளூறும் பாதுகாப்பு' என்று ஏதோ ஒன்று. மருந்துக்காரர் பட்டியலை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். சளி பிடித்த ஆளுக்கு ஒன்பது மாத்திரை எழுதியிருக்கும் சீட்டைப் பார்க்கும் அதே பார்வை.

"இதுல நோயாளிக்கு எது, டாக்டருக்கு எது?" என்று கேட்டார்.

அன்று மதியம் தனியாகக் கடைக்குப் போனார். [நான் நாற்பது நிமிடம் நின்ற அதே கடைதான். என்னால் முடியாததை அவர் செய்து காட்ட வேண்டும் என்பது என் திட்டம். பாத்திரங்களைப் படைப்பது வேறெதற்கு?]

விற்பனையாளர் கறுப்புக் கையுறை போட்டிருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் பேசுவது போலத் தணிந்த குரல். தங்க நிற மூடி போட்ட புட்டி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார்.

"சார், இதை ஷாம்புன்னு சொல்லவே எனக்கு மனசு வரல. இது ஒரு அனுபவம்."

"அனுபவம் எத்தனை மில்லி?"

"ஐந்நூறு சார்."

மருந்துக்காரர் புட்டியைத் திருப்பினார். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பின்பக்கத்தைப் படித்தார். பிறகு கீழ்த்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு வெள்ளைக் கேனை எடுத்து அதன் பின்பக்கத்தையும் படித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"சரக்கு ஒண்ணுதானே தம்பி. காரமும் இல்ல, புளிப்பும் இல்ல, நடுவாந்திரமான சோப்பு. இதுல ஒரு லிட்டர், அதுல பாதி. விலை மட்டும் தலைகீழா இருக்கு."

"சார், வாசனையில வித்தியாசம்..."

"வண்டிக்கு மூக்கு இருக்கா?"

விற்பனையாளர் சுற்றிலும் பார்த்தார். முதலாளி அந்தப் பக்கம் இல்லை. கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். குரலும் சாதாரணமாகிவிட்டது.

"உண்மையைச் சொன்னா சார், என் வண்டிக்கு நானும் இந்தக் கேனைத்தான் ஊத்துறேன்."

அதற்குப் பிறகு வியாபாரம் இரண்டு மனிதர்களுக்கு இடையில் நடந்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் காருக்குப் போடக் கூடாது, மேலே இருக்கும் மெழுகையெல்லாம் உரித்துவிடும் என்றார் விற்பனையாளர். இரண்டு வாளி வேண்டும்: ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர், அழுக்கான கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி சோப்பில் முக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணை அள்ளி வண்டி மேல் தேய்த்தது போலாகிவிடும். வாளி வீட்டில் இருக்கிறது என்றார் மருந்துக்காரர். கழுவ ஒரு பஞ்சுக் கையுறை, துடைக்க மெல்லிய இழைத் துணி மூன்று, கடைசியாகத் தெளித்துத் துடைக்க ஒரு மெழுகுத் தண்ணீர். அவ்வளவுதான். பதினேழில் நாலு. டயருக்குப் பூசும் கறுப்பு எண்ணெய்? "டயர் புதுசு, அது ஏற்கெனவே கறுப்பாத்தான் இருக்கு" என்றார்.

பார்த்தீர்களா, எவ்வளவு கெட்டிக்காரர்! எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. கெட்டிக்காரப் பாத்திரங்களை நம்பக் கூடாது என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கிளம்பும்போது கேட்டார்: "பானட் நடுவுல, அந்த மடிப்பு மேல, விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கு. அதுக்கு ஏதாவது?"

விற்பனையாளர் ஒரு சின்ன ட்யூபை எடுத்துக் கொடுத்தார். பாலிஷ். கீறலைச் சுற்றியுள்ள மேல்பூச்சைக் கொஞ்சமாக அரைத்துச் சமப்படுத்துகிற சரக்கு. பார்ப்பதற்கு அச்சு அசல் தோலுக்குப் போடும் களிம்பு ட்யூப் மாதிரியே இருந்தது.

"எப்படிப் போடணும்னு பின்னாடி எழுதியிருக்கும், படிச்சுக்கோங்க சார்."

மருந்துக்காரர் சிரித்தார். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பத்தியைக் கவனமாகப் படித்தார். 'உபயோகிக்கும் முறை' என்ற பத்தியைப் படிக்கவில்லை. இருபத்திரண்டு வருடம் அந்தப் பத்தியை மற்றவர்களுக்கு எழுதிக் கொடுத்தவர் அவர்தான்.

4

புதன்கிழமை காலை. வெயில் ஏறாத நேரம், சுவரின் நிழல் வண்டி மேல் முழுதாக விழுந்திருந்தது. மனைவிக்கு அன்று மதியத்துக்கு மேல்தான் நூலகம். முழங்கை வரை தண்ணீரில் நனைத்துக்கொண்டு அவரும் வந்து நின்றார்.

இந்தக் காட்சியை நான் கெடுக்க விரும்பவில்லை. கூரையில் தொடங்கிக் கீழே இறங்கினார்கள். கையுறை நீலத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. வெறும் தண்ணீர் வாளியின் அடியில் மணல் சேரச் சேர இருவரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள், ஏதோ தாங்களே தோண்டியெடுத்த புதையல் போல.

"ஏங்க, இவ்வளவு மண்ணையா தூக்கிட்டுத் திரிஞ்சது இது?"

"பதினோரு வருஷ மண்ணு."

"நல்லா இருக்குங்க. நெசமாவே நல்லா இருக்கு."

எட்டு மாதத்தில் அவர் மனைவியிடமிருந்து வந்த முதல் பாராட்டு இது என்று எழுதினேன், அடித்தேன். மனைவி நடுவில் அவருடைய சமையலையும் ஒரு தடவை பாராட்டியிருக்கிறார். ஆனால் அந்தப் பாராட்டு அவருக்கு இனிக்கவில்லை. இது இனித்தது.

வண்டி காய்ந்ததும் ட்யூபைத் திறந்தார். பட்டாணி அளவு எடுத்துக் கீறலின் மேல் வைத்து, துணியால் வட்டமாகத் தேய்த்தார். மாலையில் இன்னொரு முறை. கீறல் போய்விட்டது. கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தாலும் தெரியவில்லை.

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆள் வென்றார், கீறல் தோற்றது, திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள் முழுசாக இருக்கிறது. பத்திரிகை ஆசிரியர் ஒருவரிடம் இதுவரைக்கும் காட்டினேன். "இது கதையா, விளம்பரமா?" என்று கேட்டார்.

5

மருந்துக்காரர் ஒரு சின்ன வெள்ளைக் காகிதத்தை வெட்டி, அதில் பேனாவால் எழுதி, ட்யூபின் மேல் ஒட்டினார்:

காலை ஒன்று. மாலை ஒன்று. ஐந்து நாள்.

வியாழக்கிழமை காலை அவர் பானட் முன்னால் குனிந்திருப்பதைப் பார்த்து மனைவி கேட்டார்.

"நேத்தே போயிடுச்சே. இன்னும் என்னத்தைத் தேய்க்கிறீங்க?"

"அறிகுறி போயிட்டா நோய் போயிடுச்சுன்னு அர்த்தமா? கோர்ஸை முடிக்கணும்."

"இது ஜுரம் இல்லீங்க. காரு."

"எல்லாரும் இதைத்தான் பண்ணுவாங்க. ரெண்டு நாள்ல நல்லாயிடுச்சுன்னு நிறுத்திடுவாங்க. மூணாம் நாள் திரும்பி வந்து கவுண்டர்ல நிப்பாங்க. எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்!"

அவர் சொல்வதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை என்பதுதான் கொடுமை. பாதியில் மருந்தை நிறுத்தியவர்களைக் கடிந்துகொண்டே இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். அந்த அறிவுரையால் உண்மையிலேயே நல்லாகிப் போனவர்கள் இந்தத் தெருவிலேயே நடமாடுகிறார்கள். உலகத்தில் மூடனின் தவறுகளைத் தடுத்துவிடலாம். கையைப் பிடித்து இழுத்தால் போதும். விஷயம் தெரிந்தவர் தவறு செய்யும்போது நாம் பக்கத்தில் நின்று குடை பிடிப்போம்.

[மேலே உள்ள கடைசி மூன்று வாக்கியங்கள் கொஞ்சம் மேடைப் பேச்சு மாதிரி வந்துவிட்டன. எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். குடை நன்றாக இருக்கிறது, இருக்கட்டும்.]

வெள்ளிக்கிழமை மாலை, துணியில் நீலம் வந்தது.

"ஏங்க, துணியைப் பாருங்க. நீலமா வருது."

"வரட்டும். உள்ள இருக்கிறது வெளிய வந்துதான் ஆகணும்."

"உள்ள இருக்கிறது பெயிண்ட்டுங்க."

"பழைய பெயிண்ட்."

"புதுசு எங்கேருந்து வரும்?"

மருந்துக்காரர் துணியை மடித்து மறுபக்கத்தால் தேய்த்தார். நோயாளியின் வீட்டார் இப்படித்தான் பதறுவார்கள் என்று அவருக்குத் தெரியும். மனைவிதான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். எட்டு மாதத்துக்குப் பிறகு இந்த மனுஷன் ஒரு காரியத்தை இவ்வளவு உறுதியாகச் செய்கிறார்; குறுக்கே பேசிக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்து உள்ளே போனார். சனிக்கிழமை இன்னும் கொஞ்சம் நீலம் வந்தது. ஈரமாக இருக்கும்வரை அந்த இடமும் மற்ற இடங்களைப் போலவே மின்னியதாலும், வண்டி நிழலிலேயே நின்றதாலும் மருந்துக்காரருக்குச் சந்தேகமே வரவில்லை.*

* வண்டி வைத்திருக்கும் வாசகர் இங்கே கையைத் தூக்குவார்: "வெறும் கையால் தேய்த்து அவ்வளவு பூச்சும் போகுமா?" நல்ல கேள்வி. பழைய வண்டி, ஏற்கெனவே மெலிந்த பூச்சு, அதிலும் மடிப்பின் விளிம்பு. அங்கே பூச்சு எப்போதும் மெல்லியதுதான். இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் உங்கள் வண்டியில் சோதித்துப் பார்க்கலாம். முடிவை எனக்கு எழுத வேண்டாம்.

6

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோர்ஸ் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. மருந்துக்காரர் வண்டி முழுக்க மெழுகுத் தண்ணீரைத் தெளித்துத் துடைத்து, நிழலிலிருந்து தெருவுக்கு ஓட்டி வந்து நிறுத்தினார். சரியாக அந்த நேரத்தில் மச்சினன் செல்போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தபடியே வந்தான்.

"வணக்கம் நண்பர்களே! இன்னைக்கு நம்ம மாமாவோட வண்டியில, நான் சொல்லிக் கொடுத்த முறைப்படி..."

செல்போன் தானாகக் கீழே இறங்கியது.

"மாமா... இது என்ன?"

வெயிலில் முழு வண்டியும் மின்னியது. பானட்டின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் மங்கிக் கிடந்தது. வெளுத்த நீலம்; அதன் நடுவே, மடிப்பின் மேல், அடிப்பூச்சின் சாம்பல் நிறம் ஒரு கோடாக எட்டிப் பார்த்தது. மருந்துக்காரர் கிட்டே போய் விரலை வைத்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார். எச்சில் ஈரத்தில் வெளுப்பு ஒரு நொடி நீலமானது. காய்ந்ததும் மறுபடி வெளுத்தது.

"மாப்ள, நீதானே நிபுணன். இதுக்கு என்ன பண்றது?"

மச்சினன் செல்போனைப் பைக்குள் போட்டான். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது: அவன் தன் வாழ்நாளில் ஒரு காருக்கும் பாலிஷ் போட்டதில்லை. அவனுடைய வண்டியைப் பெட்ரோல் நிலையத்தில் இருக்கும் இயந்திரம் கழுவுகிறது. காணொளிகளுக்காகக் கழுவிய வண்டியின் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவான், அவ்வளவுதான்.

"பெயிண்ட் அடிக்கிற இடத்துக்குக் கொண்டு போனா?"

"இன்னைக்கு ஞாயிறு மாமா. நாளைக்குக் கொண்டு போனாலும் மூணு நாள் கேப்பான். ஒண்ணு பண்ணுவோம், ஸ்டிக்கர் ஒட்டிடலாம். என்கிட்ட பெரிய கழுகு ஒண்ணு இருக்கு."

மனைவி வாசலிலிருந்து சொன்னார்: "விருந்தாளியைக் கூட்டிட்டு வர்ற வண்டியில கழுகு எதுக்குடா? தூக்கிட்டுப் போறதுக்கா?"

"அப்போ வெயில்னு சொல்லிடுங்க மாமா. பழைய வண்டி, வெயில்ல வெளுத்துடுச்சுன்னா யாரும் கேக்க மாட்டாங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. அவ்வளவுதான் விஷயம்."

அவன் போன பிறகு மனைவி ட்யூபை எடுத்தார். மேலே ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்தை நகத்தால் சுரண்டினார். அதன் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைச் சத்தமாகப் படித்தார்.

"'கீறல் மறைந்ததும் நிறுத்தவும்.'"

மருந்துக்காரர் கையை நீட்டி ட்யூபை வாங்கிப் பார்த்தார்.

"நீங்க எழுதி ஒட்டினதுக்கு அடியிலதாங்க இருக்கு."

அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் மருந்துக்காரர் கேட்டார்:

"வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும்."

"அடிச்சுச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம்" என்றார் மனைவி. "கடை போனப்புறம் நீங்க கோவிச்சுக்கிட்டுப் பேசினதே இந்த வாரம்தான். கேக்க நல்லா இருந்தது. விட்டுட்டேன்."

7

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன். மூன்றையும் காட்டிவிடுகிறேன், ஒளித்துவைத்து என்ன ஆகப் போகிறது.

முதல் முடிவு. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சொல்லி வைத்தாற்போல மழை. ஈர வண்டி முழுக்க ஒரே மாதிரி மின்னுகிறது. மேலாளர் குடைக்குள்ளிருந்தபடியே "நல்லா இருக்கே!" என்று கையெழுத்துப் போடுகிறார். எழுதும்போது சுகமாக இருந்தது. எழுத்தாளனுக்கு மழை இலவசம். ஆனால் செவ்வாய்க்கிழமை காலை வெயில் அடிக்குமே, அப்போது அவர் எங்கே போய் நிற்பார்?

இரண்டாவது முடிவு. "வெயில் மேடம்" என்கிறார் மருந்துக்காரர். மேலாளர் நம்பிவிடுகிறார். இதை எழுத நான் என்னவெல்லாம் செய்ய வேண்டியிருந்தது தெரியுமா? மேலாளரின் கண்ணாடியைத் தொலைத்தேன். தொலைபேசியில் யாரோடோ சண்டை போடவைத்தேன். கடைசியில் அவரைக் கொஞ்சம் மந்தமாகவும் ஆக்கிவிட்டேன். ஒரு பொய் நிற்பதற்காக ஒரு பெண்ணின் புத்தியைக் குறைக்கிறோமே என்று கூச்சம் வந்து நிறுத்தினேன். தவிர, உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் அடிக்கிற வெயிலை நான் எங்கே போய்ப் பிடிப்பேன்?

மூன்றாவது முடிவு. மேலாளர் அந்த மங்கிய இடத்தை விரலால் மெல்லத் தடவி, "குறைகள்தான் நம்மை மனிதர்களாக்குகின்றன" என்கிறார். இருவர் கண்ணிலும் நீர் திரள, "நீர்த்துளியில் அந்த நீலம்..." இந்த முடிவுக்குப் பரிசு கிடைக்கக்கூடும். விடுதிக்கு விருந்தாளி கிடைக்க மாட்டார்.

'பாத்திரம் என் கையை மீறிப் போய்விட்டது' என்று எழுத்தாளர்கள் பேட்டிகளில் சொல்வார்கள். சொல்லும்போது முகத்தில் பெற்ற தாயின் பெருமிதம் இருக்கும். என் அனுபவத்தில் எந்தப் பாத்திரமும் அப்படிப் போனதில்லை. எழுதத் தெரியாத இடத்தில் நாம்தான் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறோம். நானும் ஒதுங்கி நிற்கிறேன். திங்கட்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

8

பத்து மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். நல்ல வெயில். மனைவி நூலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு முன்னிருக்கையில் உட்கார்ந்து வந்திருந்தார். விடுதி முற்றத்தில் வண்டியை நிறுத்தியதும் இறங்கவில்லை.

"நான் இங்கேயே இருக்கேன். நீங்க போங்க."

மேலாளர் வந்தார். கண்ணாடி மூக்கின் மேல்தான் இருந்தது, தொலைபேசி மேசையில் இருந்தது. பின்பக்கத்திலிருந்து சுற்றத் தொடங்கினார். கதவைத் திறந்து இருக்கையைப் பார்த்தார், மிதியடியைத் தூக்கிப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார். "அட, போன வாரம் வந்த வண்டியா இது!" என்றார். அப்படியே முன்பக்கம் வந்தார். நின்றார்.

"இது என்னங்க?"

மருந்துக்காரர் சிரிக்க முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"நான் பண்ணது மேடம்."

"நீங்களா? போன வாரம் இல்லையே இது?"

"இல்ல. ஒரு கீறல் இருந்தது. பாலிஷ் போட்டேன். மொத நாளே போயிடுச்சு. அதுக்கப்புறமும் நாலு நாள் தேய்ச்சேன்."

"போனதுக்கப்புறம் எதுக்குத் தேய்ச்சீங்க?"

"எனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

மேலாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார். வண்டியைப் பார்த்த பார்வை வேறு, இது வேறு.

"என் விருந்தாளியை ஏத்திக்கிட்டு வரும்போதும் இப்படித்தான் நினைப்பீங்களா? பாதை தெரியும்னு?"

"பாதை தெரியலன்னா இறங்கிக் கேப்பேன் மேடம். அதுக்கு நான் வெட்கப்பட்டதே இல்ல. இதுக்குத்தான்..." அவர் பானட்டைக் காட்டினார். "நேத்துலேருந்து வெட்கமா இருக்கு. வியாழக்கிழமை பெயிண்ட் அடிக்கிறவர் எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கார். காலையில அவர் வீட்டுக்கே போய்க் கேட்டேன். மூணு நாள் ஆகும். ஞாயித்துக்கிழமை வண்டி உங்க வாசல்ல நிக்கும்."

"எனக்கு இன்னைக்கு மத்தியானம் ரயில்ல ஆள் வர்றாங்க."

"புரியுது மேடம்."

"இந்த மூஞ்சியோட போய் நிப்பீங்களா?"

"நீங்க சொன்னா நிப்பேன்."

மேலாளர் அவரைத் தன் அறைக்கு அழைத்துப் போய் ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஓட்டுநர், வண்டி எண், எஞ்சின், டயர், உள்பக்கம். எல்லாவற்றுக்கும் எதிரே குறி போட்டார். 'வெளித்தோற்றம்' என்ற வரியில் பேனா நின்றது. அதற்கு எதிரே இரண்டு கட்டங்கள்: ஏற்கலாம், வேண்டாம். மூன்றாவது கட்டம் கிடையாது. படிவம் அச்சடித்தவருக்கு இந்த மாதிரிக் கதை எதுவும் தெரிந்திருக்காது.

இந்த இடத்தில் மேலாளரை எழுந்து போகச் சொல்லியிருக்கிறேன். வரவேற்பில் யாரோ கூப்பிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள்.

உங்களுக்கு மேலாளரைவிட அதிகம் தெரியும். வாளியில் சேர்ந்த மணலைப் பார்த்தீர்கள், நீலம் படிந்த துணியையும் பார்த்தீர்கள். அதனால் இது சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். மத்தியானம் ரயிலிலிருந்து பெட்டியோடு இறங்கி வருகிறவர் இந்தக் கதையைப் படித்திருக்க மாட்டார். அவருக்குத் தெரியப்போவது பானட் மட்டும்தான். விடுதி உங்களுடையது, பெயரும் உங்களுடையது. என்னிடம் கேட்காதீர்கள், ஒரு மஞ்சள் துணியைத் தேர்ந்தெடுக்கவே நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டவன் நான்.

பேனா மேசையில்தான் இருக்கிறது. மருந்துக்காரர் எதிரே நிற்கிறார்; உட்காருங்கள் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன், உட்காரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் முன்னிருக்கையில் அவருடைய மனைவி தெரிகிறார். இந்தப் பக்கம் திரும்பாமல், அந்தப் பானட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலைக்கு நேரமாகிறது அவருக்கு.

கொஞ்சம் சீக்கிரம்.